பொதுப்பயன் மனித உருவ ரோபோ: வேலைக் குறிப்பிலிருந்து விழுதல் சோதனை வரை ஒரு வடிவமைப்பு வழிகாட்டி

பொதுப்பயன் மனித உருவ ரோபோவிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். மனிதருக்காகக் கட்டப்பட்ட இடத்தில், அந்த இடத்தை மாற்றாமல், காலையில் ஒரு வேலையையும் மாலையில் வேறொரு வேலையையும் அதே உடல் செய்ய வேண்டும். தரையோடு பொருத்தப்பட்ட ரோபோ கை ஒரே வேலையை இதைவிட வேகமாகவும் மலிவாகவும் செய்துவிடும் என்பதால், இந்தத் தகுதி இல்லாவிட்டால் இரண்டு கால், இரண்டு கை, தலை என்று இத்தனை சிக்கலான உடலைக் கட்டுவதற்கு நியாயமே இல்லை.

ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கட்டோவின் குழு 1973இல் வாபோட்-1 என்ற முழு உருவ ரோபோவை நடக்க வைத்தது. ஹோண்டா 1996இல் வெளியிட்ட பி2 ரோபோ 182 செ.மீ. உயரமும் 210 கிலோ எடையும் கொண்டது. நான்கே ஆண்டுகளில் வந்த ஆசிமோ 120 செ.மீ. உயரத்துக்கும் 52 கிலோவுக்கும் சுருங்கியது. அன்று முதல் நடை பெருமளவு தேறிவிட்டது. தேறாமல் நிற்பது கையும், நாள் முழுவதும் பிழையின்றி உழைக்கும் உறுதியும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கால்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான கவனத்தை முன்கைக்கும் விரல்களுக்கும் கொடுத்திருக்கிறேன். பொறியியல் மாணவர்கள் இதைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பின்தொடரலாம். ஒரு ரோபோவை விலைக்கு வாங்க எண்ணும் நிறுவனத்தார், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கணக்குகளுக்கு 170 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் கொண்டு, இரு கைகளாலும் சேர்ந்து 15 கிலோ சுமக்கும் ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம்.

முதற்படி: செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

உடலை வரையத் தொடங்கும் முன் வேலையை எழுத வேண்டும். அதுவும் "சரக்குகளை எடுத்து வைத்தல்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஃபிளவரி பிராஞ்ச் என்ற ஊரிலுள்ள சரக்குக் கிடங்கில், அஜிலிட்டி ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் டிஜிட் ரோபோ 2024 முதல் வணிக முறையில் வேலை செய்கிறது. அது செய்யும் வேலையை வடிவமைப்பாளர் எழுதுவதென்றால் இப்படி எழுத வேண்டும்: சக்கர வண்டியில் வந்து நிற்கும் பிளாஸ்டிக் பெட்டியின் இரு விளிம்புகளையும் பிடித்து, உடலோடு ஒட்டித் தூக்கி, திரும்பி, சில அடிகள் நடந்து, ஓடும் கன்வேயர் பட்டையின் மீது வைத்து விட்டுத் திரும்பி வருதல். இதனோடு பெட்டியின் நீள அகலங்கள், வெறும் எடை, நிறைந்த எடை, மிகத் தாழ்வான தட்டின் உயரம், தரையின் வழுக்கல், விளக்கொளி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டிகள், பெட்டி கோணலாக இருந்தால் என்ன செய்வது என்பவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறிப்பே உடலை வடிவமைத்துவிடுவதை டிஜிட்டில் காணலாம். அதன் கால்கள் பறவையின் கால்களைப் போலப் பின்புறமாக மடிகின்றன. தாழ்ந்த தட்டின் முன் குந்தும்போது முழங்கால் தட்டில் இடிக்காமல் இருப்பதற்கு அது உதவுகிறது. சுமார் 16 கிலோ தூக்கும் அந்த ரோபோவுக்குப் பெட்டியின் விளிம்பைப் பிடிக்க ஐந்து விரல்கள் தேவைப்படவில்லை.

பொதுப்பயன் ரோபோவுக்கு இத்தகைய குறிப்புகள் குறைந்தது மூன்றாவது வேண்டும். அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்க வேண்டும். பெட்டி தூக்குவது எடையைச் சோதிக்கும் வேலை. வாகனத் தொழிற்சாலையில் தகட்டுப் பாகத்தை வெல்டிங் சட்டத்தில் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் பொருத்துவது துல்லியத்தைச் சோதிக்கும் வேலை. துவைத்த சட்டையை மடிப்பது, ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் வந்து விழும் மென்மையான பொருளைக் கையாளும் திறனைச் சோதிக்கும் வேலை. மூன்றையும் ஒரே உடலில் கேட்கும்போதுதான் வடிவமைப்பு கடினமாகிறது.

இரண்டாம் படி: உயரம், எடை, மூட்டுகள்

உயரத்தைக் கதவுக் கைப்பிடி, மேசை, அலமாரியின் மேல்தட்டு ஆகியவை முடிவு செய்துவிடுகின்றன. 160 முதல் 180 செ.மீ. வரை பெரும்பாலான ரோபோக்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் 2024இல் 16,000 டாலர் விலையில் அறிவித்த ஜி1 சுமார் 130 செ.மீ. உயரமும் 35 கிலோ எடையும் கொண்டது. அதன் கை தாங்குவது ஏறத்தாழ 2 கிலோ மட்டுமே. ஆய்வகத்துக்கும் கல்லூரிக்கும் அது மிக நல்ல கருவி. கிடங்கு வேலைக்கு அதை வாங்குவது பொருந்தாது. விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது, தனித்தனியே இயங்கும் அசைவுகளின் எண்ணிக்கை. ஒரு காலுக்கு ஆறு அசைவுகள் வேண்டும்: இடுப்பில் மூன்று, முழங்காலில் ஒன்று, கணுக்காலில் இரண்டு. கைக்கு ஏழு: தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் மூன்று. உள்ளங்கையை ஓரிடத்தில் ஒரு கோணத்தில் நிறுத்த ஆறே போதும். ஏழாவது அசைவு, உள்ளங்கை அசையாமல் இருக்க முழங்கையை மட்டும் மேலும் கீழும் நகர்த்த உதவுகிறது. அலமாரிக்குள் கையை விடும்போது அது இல்லாவிட்டால் முழங்கை சட்டத்தில் முட்டிக்கொள்ளும். இரண்டு கால், இரண்டு கை சேர்ந்து 26 ஆகின்றன. இடுப்புக்கு மேலுள்ள உடற்பகுதிக்கு ஒன்றிரண்டு சேர்த்தால் 28. டெஸ்லா 2022இல் காட்டிய ஆப்டிமஸ் ரோபோவில், விரல்களை விட்டுவிட்டு எண்ணினால், 28 இயக்கிகளே (மூட்டை அசைக்கும் மோட்டார் அமைப்புகள்) இருந்தன.

மனித மூட்டின் எல்லைகளை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. பாஸ்டன் டைனமிக்ஸ் 2024 ஏப்ரலில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கிய பழைய அட்லஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மின்சார அட்லஸை அறிமுகப்படுத்தியபோது, தரையில் கிடந்த ரோபோ கால்களை இடுப்பில் பின்புறமாக மடித்து ஊன்றி எழுந்து நின்று, பிறகு உடலைத் திருப்பிக்கொண்டது. எந்த மனிதராலும் அப்படி எழ முடியாது. குறுகிய இடத்தில் கால் மாற்றி வைக்காமலேயே இடுப்புக்கு மேல் முழுவதும் திரும்ப முடிவது உண்மையான நன்மை.

மூன்றாம் படி: முறுக்குவிசைக் கணக்கு

முறுக்குவிசை என்பது மூட்டைச் சுழற்றும் விசையின் அளவு; அதை நியூட்டன் மீட்டரில் சொல்கிறோம். இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டு மோட்டார் வாங்கினால் பணம் வீணாகும். தோளிலிருந்து தொடங்குங்கள். ஒரு கைக்கு 7.5 கிலோ சுமை; கை முன்னே நீண்டிருக்கும்போது தோளிலிருந்து சுமை 0.6 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். 7.5ஐ 9.8ஆலும் 0.6ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 44 நியூட்டன் மீட்டர். கையின் சொந்த எடை 4.5 கிலோ, அதன் நிறை மையம் 0.3 மீட்டரில் என்றால் இன்னும் 13. மொத்தம் 57 நியூட்டன் மீட்டர். அசையாமல் பிடித்திருப்பதற்கே இவ்வளவு வேண்டும். வேகமாகத் தூக்குவதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது முழங்கால். முழங்காலுக்கு மேலுள்ள உடல் 60 கிலோ, சுமை 15 கிலோ, ஆக 75 கிலோ. குந்திய நிலையில் முழங்கால் மூட்டிலிருந்து நிறை மையக் கோடு கிடைமட்டமாக 0.2 மீட்டர் தள்ளி இருந்தால், இரு கால்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 147 நியூட்டன் மீட்டர், காலுக்கு 74. படி ஏறும்போது ஒரே காலில் முழு எடையும் இறங்குவதால் அந்த 147ம் ஒரே முழங்காலுக்கு வந்துவிடும். அசைவின் வேகத்துக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் சுமார் 220.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மோட்டார் அட்டவணைகளில் பெரிய எழுத்தில் வருவது உச்ச முறுக்குவிசை. அது சில நொடிகளுக்கு மட்டுமே கிடைக்கும். ரோபோ முழங்காலை மடக்கி அசையாமல் நின்றாலும் மோட்டாரில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கிறது. வெளியே எந்த வேலையும் நடக்காமல் அத்தனையும் வெப்பமாகிறது. வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுகிறது. காணொளியில் அழகாகக் குந்தி எழும் ரோபோ, அரைமணி நேரம் குந்திய நிலையில் வேலை செய்தால் சூடேறித் தானாகவே நின்றுவிடக்கூடும். எனவே விற்பவரிடம் தொடர் முறுக்குவிசை, அதாவது சூடேறாமல் நெடுநேரம் தரக்கூடிய முறுக்குவிசை, எவ்வளவு என்று கேளுங்கள். உச்ச எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: மூட்டுக்குள் வைக்கும் இயக்கி

மின் மோட்டார் வேகமாகச் சுழலும், ஆனால் அதன் முறுக்குவிசை குறைவு. கியர் வைத்து வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் பிரிகின்றன.

முதலாவது ஹார்மோனிக் கியர். அமெரிக்கப் பொறியாளர் வால்டன் மஸர் 1950களில் கண்டுபிடித்த இந்த அமைப்பில், மெல்லிய உலோகக் கிண்ணம் ஒன்று சற்றே நெளிந்தபடி சுழன்று, ஒரே அடுக்கில் நூறு மடங்குக் குறைப்பைத் தருகிறது. பற்களுக்கிடையே தளர்வு ஏறக்குறைய இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற துல்லியம் வேண்டும் இடங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் மோட்டாரின் சுழல்தண்டு, மூட்டின் பக்கத்திலிருந்து பார்க்கையில், கியர் விகிதத்தின் இருமடி அளவுக்குக் கனமாகத் தெரியும். நூறு மடங்குக் கியருக்குப் பத்தாயிரம் மடங்கு. கால் தரையில் மோதும் கணத்தில் அந்த மூட்டு விட்டுக்கொடுக்காமல் விறைத்து நிற்பதால், அதிர்ச்சி முழுவதும் மெல்லிய பற்களின் மேல் இறங்குகிறது.

இரண்டாவது, குறைந்த கியர் முறை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சீட்டா நாற்கால் ரோபோக்கள் வழியாகப் பரவிய இந்த முறையில், அகலமான தட்டை மோட்டாரோடு ஆறு முதல் பத்து மடங்கு வரையிலான கிரகப் பல்சக்கரக் கியர் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் உருளும் அமைப்பு) மட்டும் வைக்கப்படுகிறது. ஆறு மடங்குக்கு இருமடி 36தான். வெளியிலிருந்து வரும் தள்ளலுக்கு மூட்டு இசைந்து கொடுக்கிறது. மின்னோட்டத்தை அளந்தே முறுக்குவிசையை ஓரளவு கணிக்கவும் முடிகிறது. விலையும் குறைவு. குறை என்னவென்றால், நின்ற நிலையில் சுமை தாங்கும்போது மின்னோட்டம் கூடுதலாக வேண்டும். முன்சொன்ன வெப்பச் சிக்கல் இங்கே கடுமையாகிறது.

மூன்றாவதாக, திருகு வழியாக நேர்கோட்டில் தள்ளும் இயக்கி. ஆப்டிமஸின் வடிவமைப்பில் மூன்று வகைச் சுழல் இயக்கிகளும் மூன்று வகை நேர்கோட்டு இயக்கிகளும் பயன்படுகின்றன. முழங்காலும் கணுக்காலும் பெரிய விசையைத் தாங்கும் இடங்கள் என்பதால் அங்கே இது பொருந்தும். எல்லா மூட்டுக்கும் ஒரே வகையைத் திணிக்காமல், அதே வேளையில் வகைகளின் எண்ணிக்கையை ஐந்தாறுக்குள் அடக்கிக்கொள்வதே தயாரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் உகந்தது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: கையும் முன்கையும்

மனிதக் கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரல்களை மடக்கும் பெரிய தசைகளோ கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. ரோபோ வடிவமைப்பாளரும் இதே இக்கட்டில் சிக்குகிறார். விரல் மோட்டார்களை உள்ளங்கையில் வைத்தால் கை கனத்துப் பருத்துவிடும். மணிக்கட்டருகே அரை கிலோ கூடினால் தோளில் ஏறத்தாழ 3 நியூட்டன் மீட்டர் கூடுகிறது என்பதை மூன்றாம் படியின் கணக்கிலிருந்தே பெறலாம். மோட்டார்களை முன்கைக்கு நகர்த்திக் கம்பிநார்களால் இழுத்தால் கை இலேசாகும். ஆனால் நார் காலப்போக்கில் நீளும், உராயும், அறுந்துபோகும். மணிக்கட்டு வளையும்போதெல்லாம் நாரின் இழுவையும் மாறும்.

இது ஏட்டளவிலான கவலை இல்லை. அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் உள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் ஃபிகர் 02 ரோபோ, தகட்டுப் பாகங்களை எடுத்து வெல்டிங் சட்டத்தில் பொருத்தும் வேலையைச் செய்தது. அந்த அனுபவத்தை 2025இல் வெளியிட்ட ஃபிகர் நிறுவனம், வன்பொருளில் மிகுதியாகப் பழுதானது முன்கைதான் என்று சொன்னது. அத்தனை அசைவுகளையும், அவற்றுக்கான மின்சுற்றையும், மணிக்கட்டு வழியே ஓயாமல் வளையும் கம்பிகளையும் முன்கை என்ற குறுகிய இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதே காரணம். மணிக்கட்டுக்குள் ஓடிய கம்பிகள் தாங்கவில்லை. புதிதாக ரோபோ கட்டும் குழு தன் முதல் மாதிரிப் பாகமாக முன்கையையே செய்து, இலட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குவது நல்லது.

எத்தனை விரல், எத்தனை அசைவு என்பதற்கு முதற்படியின் குறிப்புகளைத் திரும்பப் பாருங்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் அழுத்தும் தட்டையான பிடி போதும். தகட்டுக்கு நான்கு விரல்களும் அவற்றுக்கு எதிரே ஒரு கட்டைவிரலும் வேண்டும். சட்டையை மடிக்க, விரல் நுனிகள் இரண்டும் சேர்ந்து ஒற்றைத் துணி மடிப்பைக் கிள்ளி எடுக்க வேண்டும். கீழேயுள்ள இரண்டாவது அடுக்கு சேர்ந்து வந்துவிட்டதா என்பதை நுனி உணர வேண்டும். இதை ஒருமுறை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் துணியை இலேசாக உருட்டி, தடிப்பை அளந்து, அடுக்கைப் பிரித்துவிடும். அந்த உருட்டலுக்குக் கட்டைவிரலில் மட்டும் நான்கு அசைவுகள் வேண்டும். நுனியில் சில கிராம் விசையை அறியும் தொடு உணரி வேண்டும். ஆப்டிமஸின் கை முதலில் 11 அசைவுகளோடு வந்து, பிறகு 22 அசைவுகளாக மறுவடிவமைக்கப்பட்டதற்கு இத்தகைய வேலைகளே காரணம் என்று கொள்ளலாம்.

அசைவுகளைக் கூட்டுவதற்கு முன் கட்டைவிரலைச் சரியாக அமையுங்கள். நான்கு விரல்களின் நுனியையும் தொட முடியாத கட்டைவிரலை வைத்துக்கொண்டு இருபது அசைவுகள் இருந்தும் பயனில்லை. விரல்களின் மேலுறைக்கு மென்மையான, சற்றே உராய்வுள்ள, கழற்றி மாற்றத்தக்க ரப்பர் போன்ற பொருளை இடுங்கள். அது தேயும், தேய்ந்தால் பிடி நழுவும், ஆகவே பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஆற்றல்

ஆப்டிமஸுக்கு டெஸ்லா கொடுத்த எண்களை எடுத்துக்கொள்வோம். பேட்டரி 2.3 கிலோவாட்-மணி, சும்மா உட்கார்ந்திருக்க 100 வாட், விறுவிறுப்பாக நடக்க 500 வாட். வகுத்தால் நடைக்கு 4.6 மணி நேரம். கையில் சுமை, சூடான மோட்டார், கணிப்பொறியின் செலவு எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரே பேட்டரி போதாது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும், எடை கூடினால் முழங்கால் மோட்டார் பெரிதாக வேண்டும், அது மீண்டும் ஆற்றலை விழுங்கும். ரோபோ தானே சென்று பேட்டரியை மாற்றிக்கொள்வது, அல்லது இடைவேளைகளில் மின்னேற்றிக்கொள்வது என்பதே நடைமுறை வழி. பெய்ஜிங்கில் 2025 ஏப்ரலில் நடந்த அரை மராத்தானை 2 மணி 40 நிமிடங்களில் முடித்து ரோபோக்களில் முதலாவதாக வந்த தியேன்கோங் அல்ட்ரா ரோபோவுக்கும் வழியில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது.

நடையின் சிக்கனத்தை அளக்க ஓர் எளிய விகிதம் இருக்கிறது: செலவான ஆற்றலை, எடையும் கடந்த தொலைவும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுப்பது. 2005இல் வெளியான ஆய்வொன்று இந்த விகிதத்தை மனிதருக்கு ஏறத்தாழ 0.2 என்றும் ஆசிமோவுக்கு 3.2 என்றும் கணித்தது. அதே ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழகம் செய்த எளிய நடை இயந்திரம், கால்களைத் தம் எடையால் தாமே ஊசலாட விட்டு, 0.2ஐ எட்டியிருந்தது. ஆனால் அந்த இயந்திரத்தால் நடப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. எதையும் செய்யத் தயாராக ஒவ்வொரு மூட்டையும் விழிப்போடு வைத்திருப்பதற்கு ஆசிமோ அந்த விலையைக் கொடுத்தது.

ஏழாம் படி: உணரிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் தேவையான பாகங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் கோணம் அளக்கும் என்கோடர், கியருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருந்தால் நல்லது. இடுப்பில் சாய்வையும் சுழற்சியையும் அளக்கும் உணரி. கணுக்காலில் விசை உணரி. தலையில் ஆழம் அறியும் இரட்டைக் கேமராக்கள். பலரும் மறந்துவிடுவது உள்ளங்கைக் கேமரா: கை அலமாரிக்குள் நுழைந்ததும் தலையிலுள்ள கேமராவை முன்கையே மறைத்துவிடும், பொருளைத் தொடும் அந்த முக்கியமான கணத்தில் ரோபோ குருடாகிவிடும்.

எட்டாம் படி: விழாமல் நிற்றல்

நிற்கும் ரோபோ, உள்ளங்கையில் நிறுத்திய துடைப்பக் குச்சியைப் போன்றது. சாய்வு எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை நிறை மையத்தின் உயரமே முடிவு செய்கிறது. உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 0.9 மீட்டருக்கு 0.3 நொடி வருகிறது. திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு 0.3 நொடிக்கும் சாய்வு ஏறத்தாழ 2.7 மடங்காகும். ஜி1 போன்ற குள்ளமான ரோபோவுக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. ஆகவே சமநிலையைக் காக்கும் நிரல் நொடிக்கு 500 முதல் 1000 முறை வரை ஓட வேண்டும். இடையில் எங்கும் தாமதிக்கக் கூடாது.

பெல்கிரேடைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ரடோவிச் 1960களின் இறுதியில் முன்வைத்த கருத்து இத்துறையின் அடித்தளம். பாதத்தின் கீழ், தரையின் எதிர்விசை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அந்தப் புள்ளி பாதத்தின் விளிம்புக்குள் இருக்கும்வரை பாதம் தரையை விட்டுப் பெயராது. ஆசிமோ வரையிலான தலைமுறை முழங்காலை மடக்கியபடி கவனமாக நடந்தது இந்த விதியைக் காப்பாற்றத்தான். அடுத்து வந்தது, தள்ளப்பட்டால் எங்கே காலை வைத்தால் நிற்கலாம் என்ற கணக்கு. நிறை மையம் செல்லும் வேகத்தை, மேலே பெற்ற 0.3 நொடியால் பெருக்குங்கள். யாரோ இடித்து நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ரோபோ சாய்ந்தால், நிறை மையத்துக்குக் கீழுள்ள இடத்திலிருந்து 15 செ.மீ. முன்னே காலை ஊன்ற வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கையால் செய்து பழகிய மாணவருக்கு மற்ற நடைக் கோட்பாடுகள் எளிதில் புரியும்.

ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோ போட்டியின் இறுதிச்சுற்று 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது. கதவைத் திறக்கும் இடத்திலும் வாகனத்திலிருந்து இறங்கும் இடத்திலும் பல ரோபோக்கள் விழுந்தன. 20 லட்சம் டாலர் பரிசை வென்ற தென்கொரியாவின் டி.ஆர்.சி. ஹூபோ, முழங்காலிலும் பாதத்திலும் சக்கரங்களை வைத்திருந்தது. சமதரையில் மண்டியிட்டு உருண்டு சென்று, படிக்கட்டு வந்தால் மட்டும் எழுந்து நடந்தது. கால் தேவைப்படாத இடத்தில் காலைப் பயன்படுத்தாத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்று நடைக்கான நிரலைப் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே வலுவூட்டல் கற்றல் முறையில், அதாவது சரியாகச் செய்தால் மதிப்பெண் கொடுத்து, பயிற்றுவிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ரோபோ நகல்கள் ஒரே நேரத்தில் கணினிக்குள் நடந்து விழுந்து கற்கின்றன. ஒவ்வொரு நகலுக்கும் தரையின் உராய்வு, உடலின் எடை, மோட்டாரின் தாமதம் ஆகியவற்றைச் சற்றே மாற்றிக் கொடுத்தால், உண்மை உலகத்தின் மாறுபாடுகளைத் தாங்கும் நடை கிடைக்கிறது.

ஒன்பதாம் படி: வேலையைக் கற்பித்தல்

நடையைக் கற்பித்த அதே வழி கைக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. துணி மடிவதையும் கம்பி நெளிவதையும் விரல் நுனி நழுவுவதையும் கணினிக்குள் உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுவது கடினம். ஆகவே மனிதர் ஒருவர் கையுறையோ கண்திரையோ அணிந்து ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்கி, வேலையைச் செய்து காட்டுகிறார்; படமும் மூட்டுக் கோணங்களும் பதிவாகின்றன; அந்தப் பதிவுகளைக் கொண்டு நிரல் கற்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட ஆர்டி-2, இணையத்தின் படங்களிலும் சொற்களிலும் கற்ற ஒரு பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரியை ரோபோவின் அசைவுகளோடு இணைத்துக் காட்டியது.

ஃபிகர் நிறுவனத்தின் ஹீலிக்ஸ் அமைப்பில் இந்த இணைப்பைத் தெளிவாகக் காணலாம். 700 கோடி அளபுருக்கள் (பயிற்சியின்போது சரிசெய்யப்படும் எண்கள்) கொண்ட பெரிய மாதிரி, காட்சியையும் சொற்களையும் புரிந்துகொண்டு நொடிக்கு 7 முதல் 9 முறை முடிவெடுக்கிறது. 8 கோடி அளபுருக்கள் கொண்ட சிறிய மாதிரி, அந்த முடிவைப் பெற்று நொடிக்கு 200 முறை கைகளையும் விரல்களையும் இயக்குகிறது. அதற்குக் கீழே மூட்டுகளின் சொந்தக் கட்டுப்பாடு இன்னும் வேகமாக ஓடுகிறது. சுமார் 500 மணி நேரத் தொலை இயக்கப் பதிவுகளில் பயிற்சி பெற்றதாக நிறுவனம் சொல்கிறது. உங்கள் வடிவமைப்பிலும் மெதுவாக யோசிக்கும் அடுக்கு, விரைவாக இயங்கும் அடுக்கு, விழாமல் காக்கும் அடுக்கு மூன்றையும் பிரித்து வையுங்கள். மேலடுக்கு தடைபட்டாலும் கீழடுக்கு ரோபோவை நிற்க வைத்திருக்க வேண்டும்.

ஒரு காணொளியைப் பார்க்கும்போது, ரோபோ தானாகச் செய்கிறதா, மனிதர் தொலைவிலிருந்து இயக்குகிறாரா என்பதை முதலில் கேளுங்கள். 1எக்ஸ் நிறுவனம் 2025 அக்டோபரில் 20,000 டாலர் விலையில் வீட்டு ரோபோ நியோவுக்கு முன்பதிவு தொடங்கியபோது, தெரியாத வேலைகளை நிறுவனத்தின் ஆட்கள் தொலைவிலிருந்து இயக்கிச் செய்து காட்டலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. வாங்குபவர் அப்போது கேட்க வேண்டியது, வீட்டுக்குள் பதிவாகும் படங்களை யார் பார்க்கிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள் என்பதே.

பத்தாம் படி: பாதுகாப்பும் சோதனையும்

தரையோடு பொருத்திய ரோபோ கைக்கு மின்சாரத்தை நிறுத்தினால் ஆபத்து நீங்கும். இரண்டு காலில் நிற்கும் ரோபோவுக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அது விழும். 70 கிலோ உடல், நிறை மையம் 0.9 மீட்டர் என்றால் விழும்போது வெளியாகும் ஆற்றல் அதிகபட்சம் சுமார் 617 ஜூல். அருகில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தனிநபர் பராமரிப்பு ரோபோக்களுக்கு ஐ.எஸ்.ஓ. 13482 என்ற தரநிலை 2014இலேயே வந்துவிட்டது. தானே சமநிலை காத்து நிற்கும் ரோபோக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 25785 இத்துறைக்கென்றே உருவாக்கப்பட்டு வருகிறது. அதுவரை, மனிதர் நுழைந்தால் ரோபோ முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு மண்டியிட்டு, அதன் பின்னரே மின்சாரம் துண்டிக்கப்படும்படி அமையுங்கள். ரோபோவின் எல்லையைத் தரையில் கோடிட்டுப் பிரித்து வையுங்கள்.

சோதனையில் சராசரி வெற்றி விகிதத்தைக் கேட்டு மனநிறைவு அடைய வேண்டாம். பத்து படிகள் கொண்ட ஒரு வேலையில் ஒவ்வொரு படியும் 99 சதவீதம் சரியாக நடந்தாலும், முழு வேலை முடிவது 90 சதவீதம்தான். பத்துக்கு ஒரு முறை மனிதர் ஓடி வர வேண்டும். ஆகவே ஒரு ஷிப்ட் முழுவதும் ரோபோவை ஓடவிட்டு, மனிதர் எத்தனை முறை தலையிட்டார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆனது, எந்தப் பாகம் எந்த வெப்பநிலையை எட்டியது என்று குறித்து வாருங்கள். அடுத்து, பயிற்சியில் இல்லாத அளவுள்ள ஒரு பெட்டியையும், வேறு நிறச் சட்டையையும், மங்கலான விளக்கையும் கொடுங்கள். பிறகு வேலையையே மாற்றி, புதிய வேலையை நூறு முறை சரியாகச் செய்து முடிக்க எத்தனை நாள் பயிற்சி தேவைப்பட்டது என்று எழுதுங்கள். எத்தனை பொறியாளர்கள் உடனிருந்தார்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். விளம்பரத் தாளில் இந்த எண் வருவதில்லை.

கடைசியாக விழுதல் சோதனை. மெத்தை விரித்த தரையில் ரோபோவை நான்கு பக்கமும் வேண்டுமென்றே தள்ளி விழச் செய்யுங்கள். விழும்போது கைகளை மடக்கித் தலையையும் விரல்களையும் காத்துக்கொள்கிறதா, மனித உதவி இல்லாமல் எழுகிறதா, எழுந்த பின் மூட்டுகளின் கோண அளவு சரியாகவே இருக்கிறதா, உடைந்த விரலை மாற்ற என்ன கருவி வேண்டும், அதே வேலையை மீண்டும் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெத்தையில் தேறியதைக் கான்கிரீட் தரையில் ஒருமுறையாவது சோதித்த பிறகே ரோபோவை மனிதர் நடமாடும் கூடத்துக்குள் விடுங்கள்.